மட்டக்களப்பு வெயிலில் ஸ்போர்ட்ஸ் கார்: எஞ்சின் கோளாறும் பராமரிப்பும், படிப்படியாக

கல்லடிப் பாலத்தைத் தாண்டி காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி என்று கல்முனை வரை போகும் வீதியில் மூன்றாவது கியரை நீட்டி இழுக்க இடமே கிடையாது. ஊர்மனைக்குள் 50, வெளியே 70 என்பது சட்டம். மாடு, சைக்கிள், ஓட்டோ, தாரில் பரப்பிக் காயப்போட்ட நெல் என்பது நடைமுறை. ஆகவே இங்கே ஒரு லான்சர் எவலூஷனோ சுபாரு டபிள்யூஆர்எக்ஸோ வேகத்தால் சாவது அபூர்வம். வெயிலில் ஊர்ந்தும், மாதக்கணக்கில் கொட்டகைக்குள் நின்றும், உப்புக்காற்றில் அரித்தும், கிணற்றுத் தண்ணியை ரேடியேட்டரில் சுமந்தும், தனக்குப் பொருந்தாத பெற்றோலை எரித்தும்தான் எஞ்சின் போகிறது. கம்பனி கொடுத்த கைநூலில் இதெல்லாம் இருக்காது. அது ஜப்பானையோ ஜேர்மனியையோ மனதில் வைத்து எழுதியது.

இன்னொன்று, வயது. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. திறந்த பிறகும் வரி கேட்டால் தலை சுற்றும். ஆகவே நம் பக்கம் ஓடும் ஸ்போர்ட்ஸ் கார்கள் பெரும்பாலும் பல கை மாறிய பழையவை. இந்த வழிகாட்டி அவற்றுக்கானது.

படி 1: பொனட்டுக்குள் என்ன எஞ்சின் இருக்கிறது?

"டர்போ கார்" என்பது பதில் இல்லை. டர்போ என்பது புகையின் வேகத்தால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் சக்கரம் மட்டும்தான். எஞ்சின் குறியீடு வேண்டும். பிளாக்கில் பொறித்திருக்கும் எண்ணைத் துடைத்துப் பார்த்து, வாகனப் பதிவுப் புத்தகத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் எடுத்த ரீகண்டிஷன் எஞ்சின் ஏற்றிய கார்கள் ஏராளம். அதில் தவறில்லை, ஆனால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் மாற்றத்தைப் பதியாமல் விட்டிருந்தால் விற்கும்போது நீங்கள்தான் அலைய வேண்டும்.

குறியீடு தெரிந்தால் அந்த எஞ்சினின் பலவீனமும் தெரியும்.

மிட்சுபிஷி எவலூஷன் 4 முதல் 9 வரை 4ஜி63 டர்போ. இரும்பு பிளாக், நல்ல உடம்பு. பலவீனம், வால்வ்களைப் பிஸ்டனோடு நேரம் பொருத்தி ஓட்டும் டைமிங் பெல்ட்டில்தான் இருக்கிறது. எவலூஷன் 10இல் வருவது 4பி11, அதற்கு டைமிங் செயின்.

சுபாருவின் ஈஜே குடும்பத்தில் சிலிண்டர்கள் படுத்துக் கிடக்கும். 2.5 லீட்டர் டர்போவில் பிஸ்டன் ரிங்குகளுக்கு நடுவே உள்ள மெல்லிய சுவர் உடைவது உலகறிந்த நோய். டர்போ இல்லாத 2.5இல் ஹெட் காஸ்கெட் (பிளாக்குக்கும் அதன் மேல் மூடியான ஹெட்டுக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு) கசியும். ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்கு வந்த 2 லீட்டர் எஞ்சின்கள் இந்த விஷயத்தில் கொஞ்சம் தேறும், ஆனால் ஒயில் குறைந்தால் கொன்ரொட் (பிஸ்டனைச் சுழல்தண்டோடு இணைக்கும் தண்டு) பெயரிங்கை அவையும் தின்றுவிடும்.

டொயோட்டா ஸ்டார்லெட் ஜீடி, கிளான்சா இரண்டிலும் 1.3 லீட்டர் 4ஈ-எப்டிஈ. சின்ன எஞ்சின், 135 குதிரைவலு. ஒழுங்காக வைத்திருந்தால் சலிக்காமல் ஓடும். இதைக் கெடுப்பது பெரும்பாலும் பூஸ்ட்டை, அதாவது டர்போ திணிக்கும் காற்றின் அழுத்தத்தை, கூட்டும் கைதான்.

ஹொண்டா டைப் ஆரின் கே20ஏ டர்போ இல்லாதது, 8,000 ஆர்பிஎம்முக்கு மேலே பாடும். வால்வ் இடைவெளியைக் குறித்த காலத்தில் பார்க்க வேண்டும், ஒயில் சுத்தமாக இருக்க வேண்டும். மேல் ஆர்பிஎம்மில் வால்வ்களைக் கூடுதலாகத் திறக்கும் விடெக் மாறுவதே ஒயில் அழுத்தத்தால்தான். அந்த ஒயிலைத் திறந்துவிடும் சொலினோயிட்டின் சின்ன வலையில் அழுக்கு அடைத்தால் மேல் ஆர்பிஎம்மில் கார் ஊமையாகிவிடும்.

மஸ்டா ஆர்எக்ஸ்-8 தனிச் சாதி. பிஸ்டன் இல்லை, ரோட்டர். முனைச் சீல்களுக்குப் பூச எஞ்சினே ஒயிலை உள்ளே செலுத்தி எரிக்கும். "கார் ஒயில் குடிக்குது" என்று பயப்பட வேண்டாம், அது குடிக்கத்தான் வேண்டும். இரண்டு தடவை பெற்றோல் அடித்தால் ஒரு தடவை டிப் ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள்.

ஐரோப்பியக் கார்களில் பிஎம்டபிள்யூ 335ஐயின் என்54 எஞ்சினுக்கு உயரழுத்தப் பெற்றோல் பம்பும் இன்ஜெக்டரும் தலைவலி. வி8 எம்3யின் எஸ்65 எஞ்சினுக்குக் கொன்ரொட் பெயரிங். 996, 986 காலத்துப் போர்ஷேக்களில் ஐஎம்எஸ் (இடைத்தண்டு) பெயரிங். இவற்றை மட்டக்களப்பில் வைத்துப் பார்ப்பது என்பது சாமானுக்கும் ஸ்கேனருக்கும் கொழும்பை நம்பியிருப்பதுதான். வாங்கும் முன் அதையும் கணக்கில் சேருங்கள்.

படி 2: ஒயில்

இங்கே பனி பெய்யாது. ஆகவே 5டபிள்யூ-40, 10டபிள்யூ-40 என்பவற்றில் முதல் எண்ணைப் பற்றி அதிகம் அலட்டிக்கொள்ள வேண்டாம். சூட்டில் ஒயில் எவ்வளவு தடிப்பாக நிற்கும் என்பதைச் சொல்லும் இரண்டாவது எண்தான் நமக்கு முக்கியம். பழைய ஜப்பான் டர்போக்களுக்கு முழுச் செயற்கை 40 நமது வெயிலுக்குப் பொருந்தும். எஸ்65க்குக் கம்பனியே 10டபிள்யூ-60 என்கிறது. அதில் கைவைக்காதீர்கள். நேரடி இன்ஜெக்‌ஷன் (பெற்றோலை நேரே சிலிண்டருக்குள் பீச்சும்) டர்போ என்றால் டப்பாவில் ஏபிஐ எஸ்பி என்று இருக்கிறதா என்று பாருங்கள். குறைந்த ஆர்பிஎம்மில் உயர் கியரில் மிதிக்கும்போது வரும் முன்கூட்டிய எரிதலைக் குறைக்கும் தரம் அது.

மாற்றும் காலம்: 5,000 கி.மீ. அல்லது ஆறு மாதம், எது முந்துகிறதோ அது. "ஓடவே இல்லையே, எதுக்கு மாத்துறது?" என்பார்கள். ஓடாமல் நின்ற ஒயில்தான் கூடக் கெடும். சின்னச் சின்ன ஓட்டத்தில் எரியாத பெற்றோலும் நீராவியும் அதில் கலந்து, ஆவியாகிப் போகும் அளவுக்குச் சூடேறாமல் அங்கேயே கிடக்கும்.

செய்யும் முறை:

1. கார் பதினைந்து நிமிடம் ஓடி வந்த பிறகு சமதரையில் நிறுத்தி, பத்து நிமிடம் விட்டு ஒயிலை இறக்குங்கள். ஆறிய ஒயிலோடு அழுக்கு முழுதாக வராது.
2. இறக்கும் சட்டியைக் கழுவித் துடைத்து வையுங்கள். பழைய சட்டியின் அழுக்கு உங்களை ஏமாற்றும்.
3. கழற்றிய பில்டரை எறியாதீர்கள். தகரக் கூட்டை வெட்டி, உள்ளே மடிப்பு மடிப்பாக இருக்கும் கடதாசியை விரித்து வெயிலில் பிடியுங்கள். கறுப்பாக இருப்பது சாதாரணம். செம்பு நிறத்திலோ வெள்ளி நிறத்திலோ மினுங்கும் தூள் இருந்தால் பெயரிங் தேய்கிறது. காந்தத்தில் ஒட்டும் தூள் இரும்பு. அதுவும் நல்ல செய்தி இல்லை.
4. டிரெயின் பிளக்கின் வொஷரைப் புதிதாகப் போடுங்கள்.
5. ஊற்றி, ஒரு நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்து அளவு பாருங்கள். சுபாருவில் மேல் கோட்டோடு வைத்திருங்கள். மகியங்கனையால் கண்டிக்கு ஏறும் 18 வளைவில் ஒயில் ஒரு பக்கம் ஒதுங்கும்போது, குறைவாக இருந்தால் பம்ப் காற்றைத்தான் உறிஞ்சும்.

இறக்கிய ஒயிலை வாவிக்கரையில் ஊற்றும் பழக்கம் சில கராஜ்களில் இன்னும் இருக்கிறது. கானில் அடைத்து, பழைய ஒயில் வாங்குபவர்களுக்குக் கொடுங்கள். அந்த வாவி இறாலைத்தான் நாளைக்குச் சாப்பிடப் போகிறோம்.

ஒரு நல்ல ஒயில் அழுத்த கேஜ் பூட்டுவது பெரிய சைலன்சர் பூட்டுவதை விட எவ்வளவோ மேல். சூடான எஞ்சினில் ஒவ்வொரு 1,000 ஆர்பிஎம்முக்கும் 10 பிஎஸ்ஐ என்பது பழைய மெக்கானிக்குகளின் கணக்கு. துல்லியம் இல்லை, ஆனால் அதற்கும் கீழே போனால் அக்ஸிலேட்டரில் இருந்து காலை எடுத்துவிடலாம்.

ஓட்டும் பழக்கமும் ஒயிலோடு சேர்ந்ததுதான். தண்ணிச் சூட்டு முள் நடுவுக்கு வந்தாலும் ஒயில் இன்னும் சூடேறியிருக்காது. குறைந்தது பத்து நிமிடம் 3,000 ஆர்பிஎம்முக்குள் போங்கள். டர்போவை விரட்டி ஓட்டினால் வீட்டுக்கு வரும் கடைசி இரண்டு மூன்று கிலோமீற்றரை ஆறுதலாக ஓட்டுங்கள். சிவந்த டர்போவில் நின்றுபோன ஒயில் கரியாகி, அடுத்த முறை வழியை அடைக்கும்.

படி 3: சூடு

கிழக்கில் ஸ்போர்ட்ஸ் கார் ஹெட் காஸ்கெட் போவதற்கு முதல் காரணம் தண்ணி. ரேடியேட்டரில் ஊற்றும் தண்ணியைச் சொல்கிறேன்.

"இங்க என்ன பனியா கொட்டுது, கூலண்ட் எதுக்கு?" என்று கேட்டுக் கேட்டே கிணற்றுத் தண்ணியால் நிரப்பியிருப்பார்கள். கரையோரக் கிணறுகளில் உப்பும் கல்லும் கலந்த தண்ணி. சூடேறச் சூடேற அது ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள் படிந்து கல்லாகும். அலுமினிய ஹெட்டை அரிக்கும். கூலண்ட்டின் வேலை உறைவதைத் தடுப்பது மட்டும் இல்லை. அரிப்பைத் தடுக்கும், தண்ணிப் பம்பின் சீலைக் காக்கும், கொதிநிலையை ஏற்றும்.

காலையில், எஞ்சின் முழுதாகக் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து கவிழ்த்துப் பாருங்கள். மூடியின் உட்புற ரப்பர் மெதுவாக, வெடிப்பில்லாமல் இருக்க வேண்டும். செங்கல் நிறத்தில் சேறு ஒட்டியிருந்தால் துரு. வெண்மஞ்சளாகக் களிபோல் இருந்தால் ஒயில் தண்ணியோடு கலக்கிறது, அப்படியே மூடிவைத்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். அந்த மூடி ஒரு சாதாரண மூடி இல்லை. 1.1 பார் மூடி சரியாக அழுத்தம் பிடித்தால் வெறும் தண்ணிகூட 120 பாகைக்குக் கிட்டத்தான் கொதிக்கும். ரப்பர் போனால் 100இலேயே கொதித்து வெளியே தள்ளும். பல ஆயிரம் ரூபாய் வேலை என்று பயந்த கோளாறு, மூடியை மாற்றியதும் தீர்ந்த கதைகள் உண்டு.

தண்ணி மாற்றும் முறை:

1. குளிர்ந்த எஞ்சினில் கீழ் ஹோஸைக் கழற்றி முழுதாக இறக்குங்கள். பிளாக்கில் டிரெயின் பிளக் இருந்தால் அதையும் திறவுங்கள்.
2. காய்ச்சி வடித்த நீரால் இரண்டு மூன்று முறை நிரப்பி ஓடவிட்டு, ஆறவிட்டு இறக்குங்கள். பற்றரிக்கு ஊற்றும் தண்ணி என்று கேட்டால் கடையில் தருவார்கள். அசிட் போத்தலை மாறி வாங்கிவிடாதீர்கள்.
3. உங்கள் காருக்குரிய கூலண்ட்டை ஊற்றுங்கள். நிறத்தை நம்பாதீர்கள், தரத்தை வாசியுங்கள். ஜப்பான் கார்களுக்குச் சிலிக்கேட் இல்லாத பொஸ்பேட் வகை, ஐரோப்பியக் கார்களுக்கு வேறு. இரண்டையும் கலந்தால் களியாகலாம்.
4. காரின் முன்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் திறந்து, மூடி இல்லாமல் மெதுவாக ஓடவிட்டுக் காற்றை வெளியேற்றுங்கள். சுபாருவில் இதற்குப் பொறுமை வேண்டும், படுத்த எஞ்சினில் காற்று ஒளிந்து நிற்கும்.
5. குமிழி நின்றதும் நிரப்பி மூடுங்கள். அடுத்த நாள் காலையில் மறுபடி அளவு பாருங்கள்.

எவ்வளவு காற்றெடுத்தும் குமிழி நிற்கவே இல்லை என்றால் ஹெட் காஸ்கெட் வழியாகச் சிலிண்டரில் எரிந்த வாயு வருகிறது என்று சந்தேகிக்கலாம். அதற்கு நீல நிற மருந்துச் சோதனை இருக்கிறது. ரேடியேட்டர் வாயில் வைத்து ஆவியை இழுத்தால் நீலம் மஞ்சளாக மாறும். ஹெட்டைக் கழற்றச் சொல்லும் எவரிடமும் முதலில் இந்தச் சோதனையைக் கேளுங்கள்.

இனி, நம்மூர்க் கராஜ் வைத்தியங்கள் இரண்டு. ஒன்று, "தேர்மோஸ்டாட்டைக் கழட்டி எறி". எஞ்சின் சூடேறும்வரை தண்ணியை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வ் அது. கழற்றினால் முள் இறங்கும், உண்மைதான். ஆனால் எஞ்சின் உரிய சூட்டுக்கே வராது. குளிர் என்று நினைத்து கம்பியூட்டர் பெற்றோலைக் கூட்டும், அந்தப் பெற்றோல் சிலிண்டர் சுவரின் ஒயிலைக் கழுவும். சில எஞ்சின்களில் தேர்மோஸ்டாட்தான் பைபாஸ் வழியையும் மூடுகிறது. அதைக் கழற்றினால் சூடான தண்ணி ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றி, சூடு இன்னும் கூடும். இரண்டாவது, ரேடியேட்டர் மின்விசிறியை நேரே ஸ்விட்சில் கொடுப்பது. சென்சரோ ரிலேயோ பழுதென்றால் அதை மாற்றுங்கள். ஸ்விட்சைப் போட மறக்கும் ஒரு நாளில் ஹெட் வளையும்.

பிறகு பதர். மாசியிலும் பங்குனியிலும் அறுவடை நடக்கும்போது வீதியில் காயும் நெல்லின் பதரும், இரவில் லயிட்டுக்கு வரும் பூச்சியும், எவலூஷனின் பெரிய முன் இண்டர்கூலரில் (டர்போ அனுப்பும் சூடான காற்றைக் குளிர்விக்கும் பகுதி) போய் அடைத்து நிற்கும். அதற்குப் பின்னால் ஏசி கண்டென்சர், அதற்கும் பின்னால் ரேடியேட்டர். முன்னால் பார்த்தால் சுத்தமாகத் தெரியும், நடுவில் ஒரு மெத்தையே இருக்கும். சேர்விஸ் ஸ்டேஷனில் உயரழுத்தத் தண்ணியை நேரே அடிக்க விடாதீர்கள், தகடுகள் மடிந்துவிடும். பம்பரைக் கழற்றி, எஞ்சின் பக்கத்தில் இருந்து வெளிநோக்கி மெதுவான தண்ணியால் கழுவச் சொல்லுங்கள்.

வழியில் சூடேறினால்: ஏசியை நிறுத்துங்கள், ஹீட்டரை முழுச் சூட்டில் திறவுங்கள், ஓரமாக நிறுத்துங்கள். ஆவி வந்தாலோ முள் சிவப்பைத் தொட்டாலோ உடனே எஞ்சினை நிறுத்துங்கள். முக்கால் மணி நேரம் மூடியைத் தொடாதீர்கள். குளிர்ந்த தண்ணியை எஞ்சின் மேல் ஊற்றாதீர்கள். ஆரையம்பதிப் பக்கம் ஒரு பழைய மெக்கானிக் இளம் பொடியன் ஒருவனுக்குச் சொன்னது: "மனே, முள்ளு ஏறுறத்தப் பாத்துக்கிட்டு ஊடு மட்டும் ஓட்டிருவம் எண்டு நினையாத. மறுகா ஹெட்டும் போகும், காசும் போகும்."

படி 4: பெற்றோலும் நொக்கிங்கும்

ஜப்பான் உள்நாட்டுக்கென்று செய்த டர்போ கார்களின் கம்பியூட்டர், அங்கே விற்கும் ஹை-ஒக்டேன் பெற்றோலுக்கு ஏற்றபடி எழுதப்பட்டது. அது பொதுவாக 100 ஒக்டேன் அளவில் இருக்கும். நம் பெற்றோல் செட்டில் வழக்கமாகக் கிடைப்பது 92உம் 95உம். 92 இந்தக் கார்களுக்கு ஆகாது, பேச்சே இல்லை. 95கூட, கச்சான் காற்று அனலாக வீசும் ஆனி ஆடியில், முழு பூஸ்ட்டில் போதாமல் போகலாம்.

போதாவிட்டால் நொக்கிங் வரும், அதாவது சிலிண்டருக்குள் பெற்றோல் நேரம் தவறித் தானாக வெடிக்கும். தகரப் பேணிக்குள் சின்னக் கற்களைப் போட்டுக் குலுக்குவதுபோல் ஒரு கிலுகிலுப்பு, மேட்டில் மிதிக்கும்போது கேட்கும். நொக் சென்சர் அதைப் பிடித்து இக்னிஷனைப் பின்தள்ளிக் காப்பாற்றப் பார்க்கும். அப்போது கார் மந்தமாகும். பெரிய சைலன்சர் போட்ட காரில் அந்தச் சத்தம் கேட்காது. சுபாருவின் ரிங் சுவர் உடைவது இப்படித்தான்.

சுபாருவிலும் ஸ்டார்லெட்டிலும் இண்டர்கூலர் எஞ்சினுக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. கல்முனைச் சந்தி நெரிசலில் கால் மணி நேரம் நின்றால் அது காற்றைக் குளிர்விக்காமல் சூடாக்கும். நெரிசல் விட்டதும் பாண்டிருப்புப் பக்கம் ஒரு மிதி மிதிக்கத் தோன்றும். அந்த மிதிதான் ஆபத்து. இரண்டு மூன்று நிமிடம் சாதாரணமாக ஓடவிட்டு, காற்று பட்ட பிறகு மிதியுங்கள்.

நிரந்தரத் தீர்வு, 95க்கு ஏற்றபடி டியூன் செய்வது. காற்று-பெற்றோல் விகிதத்தைக் காட்டும் வைட்பாண்ட் சென்சரும் நொக் கண்காணிப்பும் வைத்து, பூஸ்ட்டைக் குறைத்து, இக்னிஷன் டைமிங்கைச் சற்றுப் பின்னுக்கு எடுத்து எழுத வேண்டும். "பவர் கூட்டித் தாறன்" என்பவரை விட "95க்குப் பாதுகாப்பா எழுதித் தாறன்" என்பவரிடம் போங்கள். கையால் திருகும் பூஸ்ட் கொன்ட்ரோலர் மட்டும் பூட்டி ஓடுவது எஞ்சினுக்கு நாள் குறிப்பது.

படி 5: காற்றும் டர்போவும்

கச்சான் காலத்துப் புழுதிக்கு ஏர் பில்டரை 5,000 கி.மீ.க்கு ஒருமுறை கழற்றிப் பாருங்கள். ஒயில் தடவும் வெளிச்சந்தை பில்டர் போட்டிருந்தால் ஒயிலை அள்ளிப் பூசாதீர்கள், காற்றளவு சென்சரில் போய் ஒட்டும்.

"ப்ஷ்ஷ்" என்று காற்றை வெளியே விடும் வால்வ் பற்றி ஒரு வார்த்தை. எவலூஷன், சுபாரு இரண்டும் உள்ளே வந்த காற்றை அளந்துதான் பெற்றோல் விடுகின்றன. அளந்த காற்றை வெளியே விட்டால் கியர் மாற்றும் ஒவ்வொரு தடவையும் பெற்றோல் மிஞ்சிக் கறுப்புப் புகை வரும். சத்தம் வேண்டுமென்றால் வானொலி கேளுங்கள்.

டர்போவைப் பரிசோதிக்க உள்வாங்கும் குழாயைக் கழற்றி, தண்டை விரலால் பிடித்து ஆட்டுங்கள். பக்கவாட்டில் மிகச் சிறிய ஆட்டம் இருக்கலாம். முன்னும் பின்னும் போய்வந்தால், அல்லது இலை சுவரில் உரசியிருந்தால் டர்போ போய்விட்டது. பழைய ஸ்கைலைன் ஜீடி-ஆரில் டர்போவின் புகைப் பக்கச் சக்கரம் செராமிக். பூஸ்ட்டைக் கூட்டினால் அது நொறுங்கிவிடும்.

படி 6: பிளக், கொயில், கரி

டர்போ காரில் இரிடியம் பிளக்கை 40,000 கி.மீ. தாண்ட விடாதீர்கள். கழற்றும்போது எந்தப் பிளக் எந்தச் சிலிண்டர் என்று வரிசையாக வையுங்கள். வெள்ளைப் பீங்கானில் பொட்டுப் பொட்டாக அலுமினியம் ஒட்டியிருந்தால் அந்தச் சிலிண்டரில் நொக்கிங் நடந்திருக்கிறது.

செக் எஞ்சின் லயிட் எரிந்துகொண்டே இருந்தால் ஸ்கேன் செய்யலாம், அவசரமில்லை. விட்டு விட்டு மினுக்கினால் மிஸ்பயர் (ஏதோ ஒரு சிலிண்டர் எரியாமல் தவறுகிறது), அக்ஸிலேட்டரில் இருந்து காலை எடுங்கள். ஆர்எக்ஸ்-8இல் கொயில் பலவீனமானால் எரியாத பெற்றோல், புகையைச் சுத்தம் செய்யும் கட்டலிஸ்ட்டில் போய் எரிந்து அதை உருக்கி அடைக்கும், அந்த வெப்பம் திரும்பி வந்து சீலைக் கெடுக்கும். கொயிலை மாற்றும் காசு ரோட்டர் எஞ்சினைத் திறக்கும் காசில் ஒரு மூலைக்கும் வராது. இன்னொன்று, ஆர்எக்ஸ்-8ஐக் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்து, கொட்டகையில் இருந்து முற்றத்துக்கு நகர்த்தி உடனே நிறுத்தாதீர்கள். உள்ளே பெற்றோல் நிறைந்து மறுமுறை பிடிக்காது.

நேரடி இன்ஜெக்‌ஷன் எஞ்சின்களில் வால்வின் முதுகைப் பெற்றோல் கழுவுவதில்லை. கரி பிடிக்கும். ஊற்றும் மருந்தால் அது போகாது. காற்று உள்ளே போகும் மானிபோல்ட்டைக் கழற்றி வால்நட் ஓட்டுத் தூளை அடித்துத்தான் எடுக்க வேண்டும்.

படி 7: டைமிங் பெல்ட்

வாங்கிய காரில் எப்போது மாற்றினார்கள் என்று தாள் இல்லையென்றால், மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கம்பனி சொல்வது 100,000 கி.மீ. வாக்கில், ஆனால் இருபது வருட ரப்பருக்குக் கிலோமீற்றர் தெரியாது. 4ஜி63இல் அதிர்வைக் குறைக்கும் பலன்ஸ் தண்டுக்கு ஒரு சின்னப் பெல்ட் வேறு இருக்கிறது. அது அறுந்து பெரிய பெல்ட்டுக்குள் சிக்கினால் வால்வ் எல்லாம் வளையும். ஆகவே இரண்டு பெல்ட், டென்ஷனர், பெல்ட் ஓடும் கப்பிகள், தண்ணிப் பம்ப், முன் ஒயில் சீல் எல்லாவற்றையும் ஒரே தடவையில் செய்யுங்கள். கூலி ஒன்றுதான்.

படி 8: மாரி

ஐப்பசி கடைசி முதல் தை வரை இந்தக் கார்களுக்குப் பெரிய எதிரி வெள்ளம். காரைதீவில் இருந்து அம்பாறை போகும் வீதியில் மாவடிப்பள்ளிப் பக்கம் தண்ணி குறுக்கறுத்தால் ஜீப்பே யோசிக்கும், பம்பருக்குள் காற்று வாய் வைத்த எவலூஷன் எம்மாத்திரம். எஞ்சின் ஒரு கோப்பைத் தண்ணியை உறிஞ்சினாலே போதும், தண்ணி நசியாது, கொன்ரொட் வளையும்.

தண்ணிக்குள் நின்றுவிட்டால் சாவியைத் திருப்பவே கூடாது. தள்ளி வெளியே எடுத்து, பற்றரியைக் கழற்றி, ஏர் பில்டரைப் பாருங்கள். நனைந்திருந்தால் எல்லாப் பிளக்கையும் கழற்றி, இக்னிஷனையும் இன்ஜெக்டரையும் துண்டித்துவிட்டு, கையால் எஞ்சினைச் சுற்றித் தண்ணியை வெளியே தள்ள வேண்டும். ஒயில் பால் நிறமானால் ஸ்டார்ட் செய்யும் முன் மாற்றுங்கள், கொஞ்சம் ஓடவிட்டு மறுபடி மாற்றுங்கள்.

படி 9: நிற்கும் கார்

2022இல் பெற்றோல் வரிசையும் கியூஆர் பங்கீடும் வந்த காலத்தில் பல கார்கள் மாதக்கணக்கில் அசையவில்லை. கானில் சேர்த்துவைத்த பழைய பெற்றோலையும் பிறகு அவற்றில்தான் ஊற்றினார்கள். இன்ஜெக்டரில் பிசின் பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம். மூன்று நான்கு மாதத்துக்கு மேல் நின்ற பெற்றோலை இறக்கிவிட்டுப் புதிது ஊற்றுங்கள்.

வாரத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் போட்டு வைப்பது நன்மை இல்லை, தீமை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் ஓட்டுங்கள். முடியாவிட்டால் பற்றரிக்குப் பராமரிப்புச் சார்ஜர் போட்டு அப்படியே விடுங்கள்.

கடற்கரைப் பக்கம் வீடென்றால் எர்த் வயர்கள் பிடிக்கும் இடங்களில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும். கழற்றித் தேய்த்து, கிரீஸ் தடவிப் பூட்டுங்கள். காரணம் தெரியாத பாதிக் கோளாறுகள், சென்சர் பிழைகள் அங்கேதான் தொடங்குகின்றன. அடிப்பக்கத்தைக் குழாய்த் தண்ணியால் கழுவுங்கள், உப்புக் கிணற்றுத் தண்ணியால் கழுவினால் உப்புக்கு மேல் உப்பு. எலிக்கு, நின்ற காரை எடுக்கும் முன் பொனட்டைத் திறந்து வயர்களைப் பாருங்கள். கொட்டகையில் நெல் மூட்டையும் காரும் சேர்ந்து இருக்கக் கூடாது.

புகையும் சத்தமும்

காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு வீச்சு நீலப் புகை வந்து நின்றால் வால்வ் சீல். மிதிக்கும்போது நீலம் என்றால் ரிங் அல்லது டர்போ. இனிப்பு மணத்தோடு விடாமல் வரும் வெள்ளை கூலண்ட் எரிவது. மாரிக் காலையில் கொஞ்ச நேரம் வரும் வெள்ளை வெறும் நீராவி. கறுப்பு பெற்றோல் கூடுதல், புகைப் பரிசோதனையில் தேறாது, வருமான அனுமதிப்பத்திரமும் கிடைக்காது. அடியில் இருந்து ஆர்பிஎம்மோடு சேர்ந்து ஏறும் "டொக் டொக்" பெயரிங். அந்தச் சத்தத்தோடு கராஜ் வரைக்கும்கூட ஓட்டாதீர்கள், ஏற்றிக்கொண்டு போங்கள்.

வாங்கும் முன்

விற்பவர் காரை முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால், ஆறிய பிறகு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். குளிர்ந்த ஸ்டார்ட்டைப் பார்க்காமல் விலை பேசக் கூடாது. பார்த்த பிறகு கொம்பிரெஷன் சோதனை, அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் பிடிக்கிறது என்று கேஜ் வைத்துப் பார்ப்பது: எஞ்சினைச் சூடாக்கி, பெற்றோல் பம்ப் பியூஸைக் கழற்றி, எல்லாப் பிளக்கையும் எடுத்து, அக்ஸிலேட்டரை முழுதாக மிதித்தபடி சுற்ற வேண்டும். சிலிண்டர்களுக்கிடையே வித்தியாசம் 10 வீதத்துக்குள் இருந்தால் நல்லது, 15ஐத் தாண்டினால் விலகுங்கள். குறைந்த சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மறுபடி பார்க்கும்போது ஏறினால் கோளாறு ரிங்கில், ஏறாவிட்டால் வால்விலோ காஸ்கெட்டிலோ. படுத்த சிலிண்டர் என்பதால் சுபாருவில் இந்த ஒயில் சோதனையை அப்படியே நம்ப முடியாது, லீக்-டவுன் சோதனை (சிலிண்டருக்குள் காற்றடித்து எவ்வளவு கசிகிறது என்று பார்ப்பது) கேளுங்கள். ஆர்எக்ஸ்-8க்குச் சாதாரண கேஜ் உதவாது. ரோட்டரின் மூன்று முகங்களையும் தனித்தனியாகக் காட்டும் கருவி வேண்டும். அது கைவசம் உள்ள கராஜ்ஜுக்குக் காரைக் கொண்டுபோக விற்பவர் சம்மதிக்காவிட்டால், அந்தக் காருக்கு முற்பணம் கொடுக்காதீர்கள்.